ஐந்தும் மூன்றும் ஐம்பத்து மூன்றா?

ஐந்துடன் மூன்றைக் கூட்டினால் எட்டு என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சில வலைப்பக்கங்களில் இதே கூட்டலுக்கு 53 என்று விடை வருவதுண்டு. கணிப்பொறிக்குக் கணக்குத் தெரியாதா?

குறை கணக்கில் இல்லை. வலைப்பக்கத்தின் கட்டத்தில் நாம் தட்டும் 5, நிரலுக்கு எண்ணாகப் போய்ச் சேர்வதில்லை. எழுத்தாகவே போய்ச் சேர்கிறது. உலாவிகளில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கூட்டல் குறிக்கு இரண்டு வேலைகள் உண்டு. இரு பக்கமும் எண்கள் இருந்தால் கூட்டும். ஒரு பக்கம் எழுத்து இருந்தாலும் இரண்டையும் ஒட்டிவிடும். கழித்தல் குறிக்கோ ஒட்டும் வேலை இல்லை. ஆகவே கழித்தால் 2 என்று சரியான விடையே வரும்! பிழையைத் தேடுபவர் குழம்பிப் போவதில் வியப்பென்ன?

1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் இம்மொழியின் முதல் வடிவத்தை ஏறத்தாழப் பத்தே நாட்களில் அமைத்தார். சிறு நிரல்களுக்கு அதன் தாராளம் வசதியாக இருந்தது. நாளடைவில் பலர் சேர்ந்து எழுதும் பெரு நிரல்கள் தோன்றின. ஒருவர் எண் என்று நினைத்ததை மற்றொருவர் எழுத்து என்று நினைத்தால் பட்டியல் தொகை பிழையாகிவிடும்.

சமையலறையில் உப்பையும் சர்க்கரையையும் பெயர் எழுதாத டப்பாக்களில் வைத்தால், பாயசத்தை வாயில் வைத்த பிறகே தவறு தெரியும். பெயர் எழுதி ஒட்டிவிட்டால், போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். நிரலில் ஒவ்வொரு மதிப்பும் எண்ணா, எழுத்தா என்று முன்கூட்டியே குறிப்பதும் இத்தகையதே. 2012-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட் இவ்வசதியைத் தருகிறது. ‘தொகை ஓர் எண்’ என்று குறித்த இடத்தில் எழுத்தை வைத்தால், நிரல் ஓடுவதற்கு முன்பே அது பிழையைச் சுட்டிக் காட்டும். சோதனை முடிந்ததும் குறிப்புகள் நீக்கப்பட்டு, வழக்கமான ஜாவாஸ்கிரிப்டே உலாவிக்குச் செல்கிறது.

பழைய நிரலை ஒரே நாளில் மாற்றி எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு கோப்பாக மாற்றலாம். வகை தெரியாத இடத்தில் ‘எதுவும் இருக்கலாம்’ என்று குறிக்கவும் இடமுண்டு. ஆனால் எல்லா டப்பாவிலும் ‘ஏதோ ஒன்று’ என்று எழுதி ஒட்டினால் பயனென்ன?

இதன் பலன் எவ்வளவு? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினரும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் ஏற்கெனவே திருத்தப்பட்ட 400 ஜாவாஸ்கிரிப்ட் பிழைகளை ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டனர். வகைக் குறிப்புகள் இருந்திருந்தால் அவற்றில் ஏறத்தாழ 15 விழுக்காடு முன்பே பிடிபட்டிருக்கும் என்று கண்டனர்.

எஞ்சியவை? வட்டிக் கணக்கின் சூத்திரமே தவறானால், விடை எண்ணாகத்தான் இருக்கும். தவறான எண்ணாக இருக்கும். வெளியிலிருந்து வரும் தகவல் குறித்தபடி இருக்கிறதா என்பதையும் நிரல் ஓடும்போது தனியே சோதித்தாக வேண்டும். உப்பு என்று எழுதிய டப்பாவில் கடைக்காரர் சர்க்கரையைக் கொட்டினால், ஒட்டிய தாள் என்ன செய்யும்?