லேடி ஐக்கோவின் ஸ்டென்சிலும் நம்ம முத்துக்குளிப்பும்

டில்லி லோதி காலனி பக்கம் போனால் லேடி ஐக்கோவின் சுவரைப் பாருங்க. டோக்கியோவில் பிறந்து நியூயார்க்கில் குடியேறியவர். ஜான்சி ராணியை மனதில் வைத்து வரைந்த சுவர் அது. ஜப்பானியச் சாயல் என்றதும் ஹொகுசாயின் அலையைத் தேட வேண்டாம், விஷயம் செய்முறையில் இருக்கு.

உகியோ-எ அச்சில் நிறத்துக்கு ஒரு மரக்கட்டை. எல்லாக் கட்டையிலும் 'கெந்தோ' என்ற வெட்டு ஒரே இடத்தில் இருக்கும். தாளை அதில் பொருத்தினால்தான் நிறம் விலகாது. ஐக்கோ கட்டைக்குப் பதில் ஸ்டென்சில் வைத்து ஸ்பிரே அடிக்கிறார். அதே லேயர் கணக்குதான். (நம்ம கோல அச்சும் இதே சங்கதி, நிறம் மட்டும் ஒன்று.)

எனக்கு உறுத்துவது வேறு. 1790-களின் கடைசியில் உடாமாரோ, கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்களை அச்சில் போட்டார். அவங்க இன்னும் அருங்காட்சியகங்களில் இருக்காங்க. தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துச் சலாபம் 1961-ல். அன்னைக்குக் கல்லோடு கடலில் இறங்கினவங்களுக்கு இப்ப எண்பது தாண்டியிருக்கும். துறைமுகப் பக்கம் சுவருக்கா பஞ்சம்? உப்புக்காத்துல பெயிண்ட் நிக்காதும்பாங்க. ஸ்டென்சிலைப் பத்திரமா வச்சிருந்தா மறுபடி அடிச்சுக்கலாமே!