சார்ந்ததன் வண்ணம்

திருவிழாக் காலத்தில் மாலையும் பட்டும் பலநிறம் காட்டி நம் கண்ணைக் கவர்கின்றன. அவற்றின் நிறம் அவற்றிலுள்ள சாயத்தால் வருவது. சாயமே இன்றிப் பலநிறம் காட்டும் பொருள்களும் உலகில் உள.

முத்துச்சிப்பியின் உட்புறத்தை ஒளியிற் சாய்த்துப் பார்த்தால், இளஞ்சிவப்பும் பசுமையும் நீலமும் மாறிமாறித் தோன்றும். அங்கே சுண்ணாம்புப் பொருளாலான மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஓர் ஏட்டின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2,000-இல் ஒரு பங்கேயாம். அவ்வேடுகளிற் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் தம்முட் கலக்கும்போது சில நிறங்கள் மிகும், சில மங்கும். முருகப்பெருமானின் ஊர்தியாகிய மயிலின் தோகையும் இத்தகையதே. அதிலுள்ள சாயம் கரும்பழுப்பே. பச்சையும் நீலமும் அதன் நுண்ணமைப்பில் ஒளி பட்டு விளைவன. இவ்வழகில் ஈடுபட்ட கைவினைஞர், சிப்பித் தகட்டை அறுத்து மரப்பேழைகளிற் பதித்தனர்.

இதே நிறங்கள் நீர்மேல் மென்படலமாய்ப் பரவும் எண்ணெயிலும் மின்னும். காரணமும் அதே ஒளியலைக் கலப்புத்தான். ஆனால் எண்ணெய் செய்வது யாது? காத்திவாக்கத்தை அடுத்த எண்ணூர்க் கழிமுகத்தில், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு புகுந்தது. கூழைக்கடாக்களின் வெண்சிறகு கறுத்தது. மீனவர்தம் படகும் வலையும் கறைபட்டன; அன்றாடப் பிழைப்பும் நின்றது. சிப்பியின் நிறம், ஓருயிர் தன்னைக் காக்க இயற்றிய ஓட்டின் அழகு. எண்ணெயின் நிறமோ, உயிர்களை மாய்க்கும் நஞ்சின் பளபளப்பு. கண் இரண்டையும் ஒன்றாகவே காணும், அறிவே பிரித்துணரும்.

சைவ சித்தாந்தம் உயிருக்குப் படிகத்தை உவமை காட்டும். படிகம் செம்மலரைச் சார்ந்தால் சிவக்கும். நீலமலரைச் சார்ந்தால் நீலமாகும். அவ்வாறே உயிரும் மலத்தைச் சாரின் மலத்தின் வண்ணமாகும். சிவத்தைச் சாரின் சிவத்தின் வண்ணமாகும். நீரும் அத்தகையதன்றோ? நாம் எதனைச் சேர்க்கின்றோமோ அதன் வண்ணமே அது காட்டும்.

ஆகவே, மாசிமகத்தன்று கடலாடச் செல்லும் நாம், நீரின்மேல் ஒரு நிறம் மின்னக் கண்டால் வியந்து நின்றுவிடாது, அது எதனைச் சார்ந்து வந்ததென வினவுவோமாக. தீர்த்தமாகப் போற்றும் நீரைத் தூயதாகக் காத்தலும் சிவத்தொண்டேயாம்.