உருக்காமல் ஒட்டும் விந்தை

வெல்டிங் என்றதும் கண்ணைக் கூசும் ஒளியும் தீப்பொறியும் புகையுமே எம் நினைவுக்கு வரும். இரும்பின் விளிம்புகள் உருகி, ஒன்றாகி, ஆறி இறுகுகின்றன. யன்னல் கம்பிக்கும் கேற்றுக்கும் அது போதும்.

அலுமினியமோ இலகுவில் இணங்காது. உருகும்போது அது ஐதரசனை உறிஞ்சிக்கொள்ளும். இறுகும்போது அவ்வாயு வெளியேற வழியின்றி நுண்துளைகளாக உள்ளே தங்கி இணைப்பைப் பலவீனமாக்கும். விமானங்களுக்குரிய சில கலப்புலோகங்கள் ஆறும்போது வெடித்தும்விடும். அதனாலேயே விமானத் தகடுகளைப் பெரும்பாலும் தறையாணி அடித்துப் பொருத்தினர்.

1991 இல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் இதற்கொரு வழி பிறந்தது. இரு தகடுகளை நெருக்கி இறுக்கிப் பிடித்து, சுழலும் கருவியொன்றை இணைப்பில் அழுத்தி நகர்த்துகிறார்கள். தூய அலுமினியம் உருக 660 பாகை செல்சியஸ் வேண்டும். இங்கோ உருகுநிலையை எட்டுமுன்பே, உராய்வு வெப்பத்தால் உலோகம் ரொட்டி மாவைப்போல் இளகுகிறது. கருவி இரு பக்கத்தையும் சேர்த்துப் பிசைகிறது. உலோகம் உருகாததால் வாயுத் துளைகள் இல்லை. கண்ணைத் தாக்கும் ஒளியும் இல்லை.

அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பிற்கால எரிபொருள் தாங்கிகளிலும் ஜப்பானிய அதிவேக ரயில் பெட்டிகளிலும் இம்முறை பயன்பட்டது. பாரிய இயந்திரம் தேவைப்படுவதால் வீதியோரப் பட்டறைகளுக்கு இது பொருந்தாது.

உராய்வு தேய்மானத்தைத் தரும் என்றே வகுப்பில் படித்தோம். அதே உராய்வு உலோகங்களை இணைக்கவும் செய்கிறது என்பதே எனக்கு வியப்பு. பெற்றோரே, தீப்பொறிக்கு அஞ்சி உங்கள் பெண் பிள்ளைகளைத் தொழினுட்பப் பாடத்திலிருந்து தடுக்க வேண்டாம். இவ்வியந்திரத்தை இயக்க வேண்டியது அறிவே.