நெகடிவ் ரத்தமா? ஊசி பில்லைப் பாருங்கள்!

கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் பக்கம் புதுக் குடித்தனங்கள் பெருகிவிட்டன. தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகும் சிலருக்கு, ரத்தப் பரிசோதனையில் 'நெகடிவ்' என்று வருகிறது. டாக்டர் 'ஆன்டி-டி' ஊசி எழுதித் தருகிறார். விலை ஆயிரக்கணக்கில்!

"ஒரே ஊசிக்கு இவ்வளவா? போடாட்டி என்னங்க ஆகும்?"

போடாவிட்டால் ஆபத்து! தாய் நெகடிவ், குழந்தை பாசிடிவ் என்றால், பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலக்கக்கூடும். தாயின் உடம்பு அதை எதிரியாக நினைத்துவிடும். தலைப்பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பிள்ளைக்குத்தான் கண்டம்! சோகை, கடுமையான மஞ்சள் காமாலை, வயிற்றிலேயே சாவு என்று வரலாம். உடம்பில் எதிர்ப்பு உண்டான பிறகு இந்த ஊசி பயன்படாது.

ஏன் இந்த விலை?

இந்த ஊசி மருந்து பெரும்பாலும் மனித ரத்தத்தில் இருந்தே எடுக்கப்படுகிறது. இந்த ஊசிக்கு ரத்தம் கொடுத்த ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன், 2018 வரை மொத்தம் 1,173 தடவை தானம் செய்தார். 2025-ல் அவர் காலமானார்.

எத்தனை ஊசி?

வழக்கமாக 28-வது வாரத்தில் ஒன்று. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. ஆனால், குழந்தையின் ரத்தம் பாசிடிவாக இருந்தால்தான் இரண்டாவது ஊசி. நெகடிவ் குழந்தை என்றால் அந்தச் செலவு மிச்சம். கரு கலைந்தாலும் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பில்லில் என்ன பார்ப்பது?

* அட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு பைசா வாங்கக்கூடாது. வரியும் அதில் அடக்கம். இது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள ஊசி.

* மருந்தின் பெயர், 'பேட்ச்' நம்பர், அளவு (150 அல்லது 300 மைக்ரோகிராம்) பில்லில் இருக்கிறதா?

* பிரசவ 'பேக்கேஜில்' ஊசி சேர்த்தியா, தனியா? ஊசி போட எவ்வளவு? முன்கூட்டியே கேளுங்கள்.

* குழந்தையின் ரத்த வகை தெரியும் முன்பே இரண்டாவது ஊசிக்கு பில் போட்டிருக்கிறார்களா? காரணம் கேளுங்கள்.

* 28-வது வார ஊசி, படுக்கையில் சேராமல் போடுவது. பல இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் இதற்குப் பணம் வராது.

கையில் காசு இல்லையா?

அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு மருந்து, பரிசோதனை, பிரசவம் எல்லாமே இலவசம். 2011-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது. குரோம்பேட்டை அரசு ஆஸ்பத்திரியோ, எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனையோ, மாதக்கணக்கு இருக்கும்போதே பெயரைப் பதிந்துகொள்வது நல்லது. கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

விலை கூடுதலாக வாங்கினால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கெடு 72 மணி நேரம்தான். பில் சண்டையை அப்புறம் போடலாம். முதலில் ஊசியைப் போடுங்கள்!