கை மட்டும் தெரிந்தது
(தொடர் – 11)

ஆம்பூர், பேரணாம்பட்டு சுற்றுவட்டாரக் கிராமங்களில், சமையல் வேலை ஓய்ந்த பிறகு வாசல் திண்ணைகளில் பெண்கள் இருவர் மூவராக உட்கார்ந்து ஷூ அப்பர் தைப்பதைப் பார்க்கலாம். அப்பர் என்பது ஷூவின் மேல்பாகம். கம்பெனியில் வெட்டிய தோல், ஏஜென்ட் மூலம் மூட்டையாக வீட்டுக்கு வரும். துளை தவறாமல் ஊசியைச் செலுத்த வேண்டும், நூலை இறுக்கி இழுக்க வேண்டும். இழுத்து இழுத்து விரல் காய்த்துப்போகும். கூலி ஜோடிக் கணக்கு. தைத்த அப்பர் கம்பெனிக்குத் திரும்பிப் போய், சோல் ஒட்டப்பட்டு, பெட்டிக்குள் அடங்கி ஜெர்மனிக்கோ பிரிட்டனுக்கோ கப்பலேறும். ஷூவின் நாக்கில் கம்பெனி பெயர் இருக்கும், அளவு இருக்கும், நாட்டின் பெயர் இருக்கும். தைத்தவர் பெயர் இருக்காது.

காமிக்ஸிலும் இப்படித்தான். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வெளிவந்தது. தொடங்கியவர் சௌந்தரபாண்டியன். முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. ஐம்பது வயதைத் தாண்டிய காமிக்ஸ் வாசகர் யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகமே மாறிவிடும். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் லூயி கிராண்டேலுக்கு வலது கை போய்விட்டது. அந்த இடத்தில் எஃகுக் கை பொருத்தியிருக்கிறார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், எஃகுக் கை மட்டும் மறையாது. அந்தரத்தில் தனியாக ஒரு கை வந்து கதவைத் திறக்கும், துப்பாக்கியைப் பிடுங்கும். பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்து வைத்துப் படித்த ஒரு தலைமுறைக்கு அந்தக் கை இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கையை வரைந்தவர் யார்? எழுதியவர் யார்? படித்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கதை முதலில் வந்தது 1962 அக்டோபரில், பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில். அந்நாளைய பிரிட்டிஷ் காமிக்ஸ் இதழ்களில் படைப்பாளியின் பெயரைப் போடும் வழக்கம் கிடையாது. லண்டனிலேயே அச்சாகாத பெயர் சிவகாசிக்கு எப்படி வந்து சேரும்?

வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். சகோதரர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு குடும்பத் தொழில்போல வரைந்தவர். எழுதத் தொடங்கியவர் கென்னத் பல்மர். அவர் அறிவியல் புனைகதை எழுத்தாளரும்கூட. தமிழ்ப் பிள்ளைகள் மாயாவியை முதன்முதலில் கையில் எடுத்த அதே 1972-ல்தான் பல்மர், ஆலன் பர்ட் ஏக்கர்ஸ் என்ற புனைபெயரில் டிரே பிரெஸ்காட் என்னும் நாயகனை வைத்து ஒரு மாயாஜால நாவல் வரிசையைத் தொடங்கினார். அது ஐம்பது நாவல்களையும் தாண்டிப் போனது. ஒரு பக்கம் பெயரே இல்லை, மறுபக்கம் வேறு பெயர். ஒரே மனிதர் இரண்டு விதமாக மறைந்திருந்தார்.

இப்படி மறைந்திருக்கும் படைப்பாளிகளைத் தேடிப் பேட்டி காண்பவருக்கு இங்கேதான் வேலை. சினிமா நடிகரைப் பேட்டி காணப் போகிறவருக்கு ஆள் யார் என்று தெரியும், முகவரியும் தெரியும். காமிக்ஸ், மாயக்கதை, பலகை விளையாட்டு என்று வந்தால் முதலில் ஆளைத் தேட வேண்டும். அமெரிக்காவில் டொனால்ட் டக் கதைகளை வால்ட் டிஸ்னியே உட்கார்ந்து வரைகிறார் என்று பிள்ளைகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஏனென்றால் புத்தகத்தில் இருந்த பெயர் அது ஒன்றுதான். ஆனாலும் கூர்ந்து பார்த்த சிறுவர்களுக்கு ஒன்று பிடிபட்டது. சில கதைகளில் கோடு வேறு மாதிரி ஓடுகிறது, சிரிப்பு வேறு மாதிரி இருக்கிறது. பெயர் தெரியாத அந்த ஓவியருக்கு அவர்களே ‘நல்ல வாத்து ஓவியர்’ என்று பெயர் வைத்தார்கள். 1960-ல் ஜான் ஸ்பைசர் என்ற ரசிகர் எப்படியோ ஆளைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டார். கடிதம் கண்ட கார்ல் பார்க்ஸ், கூட வேலை செய்கிறவர்கள் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம். 1942 முதல் வாத்துகளை வரைந்துவந்த, ஸ்க்ரூஜ் மாமாவைப் படைத்த அந்த மனிதருக்கு, தன்னைத் தேடி ஒரு ரசிகர் எழுதுவார் என்ற எண்ணமே இல்லை. அதன் பிறகு பேட்டிகள் வந்தன, பெயர் வந்தது. 2000-ல் அவர் இறந்தபோது உலகத்துக்கு அவரைத் தெரிந்திருந்தது.

பிரிட்டனில் மாற்றம் வர 1977-ல் ‘2000 ஏடி’ வார இதழ் தொடங்க வேண்டியிருந்தது. அங்கே கலைப் பிரிவில் இருந்த கெவின் ஓ'நீல்தான் ஒவ்வொரு கதையிலும் எழுதியவர், வரைந்தவர் பெயர்களைச் சின்னக் கட்டத்துக்குள் போட வைத்தவர்.

சரி, ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. என்ன கேட்பது? “இந்தக் கற்பனை எப்படித் தோன்றியது?” என்று தொடங்கும் பேட்டிகள் பெரும்பாலும் வீணாகின்றன. எந்தப் படைப்பாளிக்கும் அதற்கு நேரான பதில் தெரியாது, கேட்டதற்காக ஏதோ ஒன்றைச் சொல்லி வைப்பார். பிழைப்பைக் கேட்க வேண்டும். அப்போது என்ன வேலை பார்த்தீர்கள், வாடகை எவ்வளவு, ராத்திரி எத்தனை மணிக்கு எழுத உட்கார்ந்தீர்கள், பக்கத்துக்கு என்ன கொடுத்தார்கள், ஓவியத்தின் மூலப்பிரதி யாரிடம் போனது?

தோல் தொழில் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை இப்படித்தான் வெளியே வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூர். அங்கே கேரி கைகாக்ஸ் என்பவருக்கு 1970-ல் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை போய்விட்டது. வீட்டில் மனைவி, ஐந்து பிள்ளைகள். அவர் செருப்பு, ஷூ பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு வீட்டு நிலவறையில் பட்டறை போட்டார். சோல் மாற்றிய நேரம் போக மிச்ச நேரத்தில் போர் விளையாட்டுகளுக்கு விதிகள் எழுதினார். மினசோட்டாவிலிருந்து டேவ் ஆர்னிசன் என்ற இளைஞர் தான் வகுத்திருந்த ‘பிளாக்மூர்’ என்னும் விளையாட்டோடு வந்து சேர்ந்தார். அதில் ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாகவே மாறி ஆடுவார்கள். இருவர் உழைப்பும் கூடி 1974-ல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிறந்தது. முதலில் அச்சடித்தது ஆயிரம் பெட்டிகள். ஆட்கள் உட்கார்ந்து கையாலேயே அடுக்கிக் கட்டினார்கள். இன்று உலகம் முழுக்க ஆடப்படும் கதாபாத்திர விளையாட்டுகளுக்கெல்லாம் தாய் அந்தப் பெட்டிதான்.

கைகாக்ஸிடம் பிழைப்பைக் கேட்காமல் இருந்திருந்தால் அந்த நிலவறைப் பட்டறை வரலாற்றில் இருந்தே இருக்காது. டிராகன்களின் உலகம் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. பசையும் தோலும் மணக்கும் அறையில், பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய ஒருவர் எழுதியது அது.

ஆர்னிசன் விஷயம் வேறு. முதல் பெட்டியில் இருவர் பெயரும் இருந்தன. பிறகு ‘அட்வான்ஸ்டு’ என்ற அடைமொழியோடு புதிய வரிசை வந்தபோது ஆர்னிசனுக்கு உரிமைப் பங்கு கிடைக்கவில்லை. 1979-ல் அவர் வழக்குப் போட்டார், 1981-ல் சமரசம் ஆனது. கைகாக்ஸ் 2008-லும் ஆர்னிசன் 2009-லும் காலமானார்கள். யார் எதை முதலில் யோசித்தார் என்ற கேள்விக்கு இருவரும் வெவ்வேறு நாளில் கொடுத்த பேட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இன்றும் விடை தேட வேண்டியிருக்கிறது. ஒருவரை மட்டும் பேட்டி கண்டுவிட்டு வரலாறு எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆம்பூர் ஷூ போய் இறங்கும் ஜெர்மனியிலும் ஒரு சம்பவம் உண்டு. 1988-ல் நூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியின்போது, பலகை விளையாட்டு வகுப்பவர்கள் சிலர் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். ரைன்ஹோல்ட் விட்டிக் என்பவர், பீர் குவளைக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டை ஒன்றை எடுத்து ஒரு தீர்மானம் எழுதினார்: பெட்டியின் மேல் படைப்பாளி பெயர் போடாத பதிப்பாளருக்கு நம்மில் யாரும் விளையாட்டைக் கொடுப்பதில்லை. கூட இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இன்று கடையில் விற்கும் பலகை விளையாட்டுப் பெட்டிகளின் முகப்பில் வகுத்தவர் பெயர் இருப்பதற்கு அந்த அட்டைக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் பக்கம் திரும்புவோம். ‘அம்புலிமாமா’வைத் தெரியாதவர் யார்? சென்னை வடபழனியிலிருந்து பல மொழிகளில் வந்த இதழ். ஓவியங்களின் ஓரத்தில் ‘சித்ரா’, ‘சங்கர்’ என்ற கையெழுத்துகள் இருந்தன. மந்திரவாதிகளும் ராட்சசர்களும் உலவிய தொடர்கதைகளை எழுதியவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. 1954 முதல் அவற்றில் பன்னிரண்டு தொடர்களை எழுதியவர் தெலுங்கரான தாசரி சுப்ரமணியம். அவர் எழுதியதை மொழிபெயர்ப்பில் தமிழ்ப் பிள்ளைகள் மாதாமாதம் காத்திருந்து படித்தார்கள். அவர் 2010 ஜனவரியில் காலமானார். தமிழில் அவரை அறிந்தவர்கள் இன்றும் மிகக் குறைவு. இது நியாயமே இல்லை.

ஓவியர் சங்கருக்குக் கொஞ்சம் நல்ல காலம். 1924-ல் பிறந்த கே.சி. சிவசங்கரன் சென்னைக் கலைப் பள்ளியில் படித்து, ‘கலைமக’ளில் வரைந்து, 1952-ல் அம்புலிமாமாவுக்கு வந்தவர். வாளேந்திய விக்கிரமாதித்தன் தோளில் பிணத்தைச் சுமந்து சுடுகாட்டில் நடக்கும் படம் அவர் கைவண்ணம். நீண்ட ஆயுள் இருந்ததால் பேட்டி காண்பவர்களுக்கு நேரம் கிடைத்தது, தொண்ணூறு வயதிலும் அவரைத் தேடிப் போய்க் கேட்டார்கள். 2020 செப்டம்பரில் மறைந்தார். பத்மஸ்ரீ அறிவிப்பு வந்தது 2021-ல். அவர் கையால் வாங்க முடியவில்லை.

வாண்டுமாமாவையும் சொல்ல வேண்டும். அரிமளத்தில் 1925-ல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி. ‘கல்கி’, ‘கோகுலம்’, ‘பூந்தளிர்’ என்று இதழ் இதழாகப் பிள்ளைகளுக்காக உழைத்தவர். புனைபெயர் ஓவியர் மாலி வைத்தது. பெரியவர்களுக்கு எழுதும்போது கௌசிகன். 2014-ல் மறைவதற்கு முன்பு, காமிக்ஸ் ஆர்வலர் கிங் விஸ்வா போன்ற சிலர் நேரில் சந்தித்துப் பதிவு செய்ததால்தான் அவரைப் பற்றிய பல செய்திகள் தப்பின. பேட்டி கண்டவர்கள் பெரிய பத்திரிகைக்காரர்கள் அல்லர், சிறுவயதில் அவர் கதையைப் படித்துத் தூக்கம் தொலைத்த வாசகர்கள்.

பலகை விளையாட்டுக்கு வந்தால் நம் நிலைமை இன்னும் கடினம். மூன்று புலி, பதினைந்து ஆடு என்று கோயில் கல்தரையில் கோடு செதுக்கிய ஆடுபுலி ஆட்டத்தை வகுத்தவர் யாரோ. தாயம், பல்லாங்குழி, பரமபதம் எல்லாம் அப்படித்தான். வகுத்தவரைப் பேட்டி காண முடியாது. ஆடத் தெரிந்த பாட்டியைக் காணலாம். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு விதி மாறும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்குமா, வெட்டினால் மறு ஆட்டம் உண்டா என்று கேட்டால் ஒவ்வொரு பாட்டியும் ஒவ்வொன்று சொல்வார். அந்த மாறுபாடுதான் பொக்கிஷம். சென்னையில் ‘கிரீடா’ என்ற அமைப்பை நடத்தும் வினிதா சித்தார்த்தா பல ஆண்டுகளாகச் செய்துவருவது இதைத்தான். பெரியவர்களிடம் கேட்டு, பழைய விளையாட்டுகளை மறுபடி வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

பழைய வடஆற்காடு மாவட்டத்தில் இப்படிக் கேட்க வேண்டியவர்கள் நிறைய. பாரதக் கூத்தில் கட்டை கட்டி விடியவிடிய ஆடும் வாத்தியார்கள் நம் ஊர் மாயக்கதைக்காரர்கள். செய்யாறு பக்கம் புரிசையில், கண்ணப்பத் தம்பிரான் பரம்பரைக் கூத்து மன்றம், கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவன் கதையைத் தெருக்கூத்தாகவே ஆடியிருக்கிறது. புரிசையின் பெயர் வெளியே தெரிந்ததற்குக் காரணம், ஆள் போய் உட்கார்ந்து கேட்டதுதான். குடியாத்தத்திலும் வாணியம்பாடியிலும் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு ஆடுகிறவர்களிடம் அப்படி எத்தனை பேர் போய்க் கேட்டிருக்கிறார்கள்?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் வாடகை நூலகம் நடத்திய பெரியவர், சினிமா பேனர் எழுதிய ஓவியர், பள்ளி ஆண்டு மலரில் படக்கதை வரைந்த டிராயிங் மாஸ்டர், உருதுவில் ஹம்ஸா கதை சொல்லிப் பேரப்பிள்ளைகளைத் தூங்கவைத்த நன்னி, ஷூ தைத்துக்கொண்டே பக்கத்தில் தாயக் கட்டம் போட்டுப் பிள்ளைகளை ஆடவைத்த அத்தை என்று யாராவது இருப்பார்கள். இந்த வாரமே போய் உட்காருங்கள். செல்போனில் பதிவு செய்துகொண்டே ஒரு நோட்டிலும் எழுதுங்கள். முதல் வரியில் அவருடைய முழுப் பெயரையும் பிறந்த ஊரையும் எழுதுங்கள். மற்ற கேள்விகளை அதற்குப் பிறகு கேட்கலாம்.