பணிவிடைக்கும் காப்பீடு உண்டா?



முதுமை என்றதும் நாம் நோயை எண்ணி அஞ்சுகிறோம். நோய் தணிந்த பின்னும் நீங்காதிருக்கும் இயலாமையை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பக்கவாதத்தால் ஒருபுறம் செயலற்றவருக்கும், நினைவு குன்றியவருக்கும் மருந்தைக் காட்டிலும் பிறர் துணையே பெரிதும் வேண்டப்படுகிறது. அத்துணைக்கு ஆகும் செலவைக் காப்பீடு ஏற்குமா? அதற்கெனப் பணம் செலுத்துவது தகுமா? இவ்விரு வினாக்களையும் ஆராய்வோம்.

காப்பீட்டின் கருத்து பொருநைக் கரையினராகிய நமக்குப் புதிதன்று. கால்வாயில் மண் அகற்றவும் உடைந்த கரையை அடைக்கவும் நிலமுடையோர் அனைவரும் தத்தம் பங்கை அளித்த குடிமராமத்து முறையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். உடைப்பு எவர் வயலருகே நேரும் என்பதை எவரும் அறியார். ஆதலால் எல்லாரும் கொடுத்தனர். காப்பீடும் அத்தகையதே.

ஆனால், எந்த உடைப்புக்காகக் கொடுக்கிறோம் என்பது தெளிவாதல் வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலோர் வாங்கும் மருத்துவக் காப்பீடு, பொதுவாக மருத்துவமனையில் குறைந்தது 24 மணி நேரம் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும், அதற்கு முன்னும் பின்னும் சில நாட்களுக்கு ஆகும் மருத்துவச் செலவுக்குமே உரியது. நீராட்டவும் உணவூட்டவும் படுக்கை மாற்றவும் அமர்த்தும் ஆளின் சம்பளம் அதில் அடங்குவதில்லை. அம்பாசமுத்திரம் வட்டத்தில் என்னோடு பணிபுரிந்த ஆசிரியர் ஒருவர் வாதத்தால் வீழ்ந்தார். மருத்துவமனையில் இருந்த பன்னிரண்டு நாட்களின் செலவைக் காப்பீடு ஏற்றது. அதன்பின் படுக்கையில் கழிந்த மூன்று ஆண்டுகளை அவர் மகள் ஏற்றாள். அவள் தன் வேலையை விட்டாள். அந்த இழப்பை எந்தப் பாலிசியும் கணக்கில் கொள்ளவில்லை.

பிற நாடுகள் இக்குறையை எவ்வாறு எதிர்கொண்டன? செருமனி 1995-லும் சப்பான் 2000-லும் பராமரிப்புக் காப்பீட்டைச் சட்டத்தால் கட்டாயமாக்கின. சப்பானியர் 40 வயதிலிருந்தே இதற்குப் பணம் செலுத்துகின்றனர். நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2020-இல் ‘கேர்ஷீல்டு லைஃப்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிப்பறைக்குச் செல்லல், நடமாடல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறல் ஆகிய ஆறனுள் மூன்றைத் தாமே செய்ய இயலாதவருக்கு அத்திட்டம் மாதந்தோறும் பணம் தருகிறது. அமெரிக்காவிலோ இக்காப்பீட்டைத் தனியார் நிறுவனங்களே பெரும்பாலும் விற்றன. மக்கள் எதிர்பார்த்ததினும் நீண்டகாலம் வாழ்ந்து பணம் பெற்றமையால் கணக்குப் பிழைத்தது. கட்டணங்கள் பன்மடங்கு உயர்ந்தன. ‘பென் ட்ரீட்டி’ என்னும் நிறுவனம் 2017-இல் நீதிமன்ற ஆணைப்படி கலைக்கப்பட்டது. இளமை முதல் அனைவரும் சேரின் இக்காப்பீடு நிலைக்கும். அஞ்சிய முதியோர் மட்டும் சேரின் தளரும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

ஆகவே, ‘பராமரிப்பும் உண்டு’ என்று சொல்லி ஒரு பாலிசியை எவரேனும் கொணர்ந்தால், நான்கு வினாக்களைக் கேளுங்கள். வீட்டில் அமர்த்தும் ஆளுக்குப் பணம் உண்டா? எந்த நிலையை இயலாமை எனக் கொள்வர்? எத்தனை ஆண்டுகள் தருவர்? கட்டணம் பின்னர் உயருமா? விடைகள் எழுத்தில் இல்லையெனில் வாங்காதீர்கள்.

அதற்காக மருத்துவக் காப்பீட்டைக் கைவிடுதல் கூடாது. 65 வயதைக் கடந்தவர்க்குப் புதிய பாலிசி மறுக்கப்படுவதற்கு இடமளித்த வயது வரம்பு 2024 ஏப்ரலில் நீக்கப்பட்டது. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலமும் மூன்று ஆண்டுகளுக்கு மிகாதவாறு குறைக்கப்பட்டது. உள்ள நோயை மறைக்காது எழுதிக் கொடுத்தல் இன்றியமையாதது.

பணிவிடைக்கோ தனி நிதி வேண்டும். ஆளின் சம்பளம் மாதம் 15,000 ரூபாய் எனக் கொண்டால் ஆண்டுக்கு 1,80,000. ஐந்தாண்டுக்கு 9,00,000 ஆகும். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலில் வட்டி 8.2 விழுக்காடாக உயர்ந்தது. அவ்வட்டியில் பத்து லட்சம் ரூபாய் காலாண்டுக்கு 20,500 ரூபாய் ஈட்டும். அது சம்பளத்தில் ஏறத்தாழப் பாதியைத் தாங்கும். எஞ்சியதை முதலிலிருந்து எடுத்தால் வட்டியும் குறையுமாதலால் ஐந்தாண்டுக்குப் பின் பாதிக்குக் குறைவாகவேனும் ஒரு பகுதி மிஞ்சும். நோயே வராவிடினும் காப்பீட்டுக் கட்டணம் திரும்பாது. இந்நிதியோ மனைவிக்கோ மக்களுக்கோ உதவும்.

அத்துணை முதல் இல்லாதோர் என் செய்வர்? 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைச் சிகிச்சையையும் வலி தணிக்கும் பேணலையும் வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது. பெற்றோரைப் பேணாத மக்களிடமிருந்து மாதந்தோறும் பராமரிப்புத் தொகை பெற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. இவை முழுப் பணிவிடைக்கு ஈடாகா எனினும் பெருந்துணையாகும்.

சிகிச்சைக்குக் காப்பீடு, பணிவிடைக்குச் சேமிப்பு என்று பிரித்துக்கொள்வதே இன்றைய நிலையில் நமக்கு ஏற்றது. அதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. உடல் நலமாக இருக்கும்போதே மக்களை அழைத்து, எவர் பணம் தருவார், எவர் உடனிருப்பார், உடனிருப்பவருக்கு நாம் என்ன ஈடு செய்வோம் என்பதைப் பேசி முடிவு செய்யுங்கள். பேசாத வீட்டில் அச்சுமை ஒரு பெண்ணின் தோளில் தானே வந்து விழுந்துவிடும்.