சிதைந்துபோன அணை



ஜோர்தான் நாட்டின் தென்பகுதிப் பாலைநிலத்தில், செந்நிற மலைகளின் நடுவே பெற்றா என்னும் பண்டைய நகரம் அமைந்துள்ளது. மக்கபேயர் முதல் நூலில் நாம் சந்திக்கும் நபத்தேயரின் தலைநகர் அது. 'சீக்' எனப்படும் ஒடுங்கிய மலைப்பிளவே அந்நகரின் வாயில். நில அசைவினால் பிளந்து, வெள்ளத்தினால் அரிக்கப்பட்ட அப்பாதை ஏறத்தாழ 1.2 கிலோமீற்றர் நீளமானது. சில இடங்களில் அதன் அகலம் 3 மீற்றர் மட்டுமே. இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். தலைக்கு மேலே கீற்றாக வானம்.

அந்த வானத்தை மட்டும் பார்த்து அங்கே ஆபத்தை அறிய முடியாது. தொலைவிலுள்ள மலைகளில் மழை பெய்யும். இறுகிய பாலைநிலம் அதனை எளிதில் உறிஞ்சாது. வழிந்தோடும் நீர் ஒன்றுதிரண்டு ஒடுங்கிய பிளவினுள் புகும்போது, சில நிமிடங்களிலேயே பெருவெள்ளமாகிவிடும்.

1963 ஏப்ரலில் பிரான்சிலிருந்து வந்த திருப்பயணிகள் சீக் வழியே சென்றபோது இவ்வாறே வெள்ளம் பாய்ந்தது. 20இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறைவாக்கினர்களைப் பற்றிப் பல நூல்களை எழுதிய மறைநூல் அறிஞர் அருட்தந்தை ழான் ஸ்டைன்மனும் அவர்களுள் ஒருவர்.

மாண்டவர்கள் நம்மைவிடப் பெரும் பாவிகளோ? அல்லர். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்களைப் பற்றி லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பிப்பதும் அதுவே. அவர் மனமாற்றத்திற்கு அழைப்பது உயிரோடிருக்கும் நம்மையே.

அவ்வெள்ளத்தின் ஆபத்தை நபத்தேயர் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். சீக்கின் முகப்பில் அணை கட்டி, பாறையில் 88 மீற்றர் அளவு நீளமான சுரங்கம் குடைந்து, நீரை வேறு வழியே திருப்பிவிட்டனர். காலப்போக்கில் அணை சிதைந்தது. அதனைப் பேணுவார் இல்லை. துயரம் நிகழ்ந்த மறு ஆண்டிலேயே, 1964இல், அது மீண்டும் கட்டப்பட்டது.

நம் முன்னோரும் நம் இல்லங்களுக்கு அணை கட்டித் தந்தனர். மாலையில் குடும்பமாகச் சொல்லும் செபமாலை, உறங்குமுன் ஆன்ம சோதனை, ஒப்புரவு அருட்சாதனம், ஞாயிறு திருப்பலி ஆகியன அவை. வானம் தெளிந்திருக்கும் நாள்களில் இவை தேவையற்றவையாகத் தோன்றும். ஆனால் நம் கண்ணுக்கு எட்டாத மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம்: பிள்ளை சொல்லாமல் மறைக்கும் வேதனை, கணவன் மனைவிக்கிடையே வளரும் மௌனம், மதுவின்மீது மெல்லத் தொடங்கும் நாட்டம். வெள்ளம் வந்தபின் அணை கட்ட இயலுமா?

செபிப்பவர் வீட்டில் துன்பமே நேராது என்று நற்செய்தி கூறவில்லை. மத்தேயு நற்செய்தியின் உவமையில் பாறைமீது கட்டப்பட்ட வீட்டையும் மழையும் காற்றும் தாக்கவே செய்தன. ஆயினும் அது நிலைத்து நின்றது.

இன்றிரவு உங்கள் இல்லத்தில் எந்த அணை சிதைந்து கிடக்கின்றது என்று பாருங்கள். ஒரேயொரு கல்லையாவது எடுத்து மீண்டும் வையுங்கள்.

ஆண்டவரே, வானம் தெளிந்திருக்கும்போதே விழித்திருக்க எங்களுக்கு அருள்தாரும். ஆமென்.